ராக் இசைக்கு இன்றும் செல்வாக்கு உண்டா?



நாம் பணியாற்றுவது செம்பனைத் தோட்டம் ஒன்றிலுள்ள சிறிய தமிழ்ப்பள்ளியில். மாணவர் தொகை குறைந்த பள்ளிகளில், காலையில் கணிதம் போதிக்கும் ஆசிரியரே பின்னர் இசைப்பாடத்தையும் ஏற்றுக்கொள்வது வழக்கம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு தவணைக் காலம் ரெக்கார்டர் என்னும் ஊதுகுழலை ஊதிப் பழகியதுதான் இத்துறையில் நமக்குள்ள தகுதி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

அப்படியொரு இசைப்பாட வேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ராக் பாட்டெல்லாம் செத்துப் போச்சுன்னு எங்க அண்ணன் சொல்றான். உண்மையா?" என்று கேட்டான். மணி அடிக்கப் பத்து நிமிடமே இருந்தது. "ஆமாம், அது பழைய காலத்துப் பாட்டு, இப்போது யார் கேட்கிறார்கள்? குழலை எடு" என்று சொல்லிவிட்டோம். பையனும் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் ஒட்டுக்கடை ஒன்றில் தேநீர் அருந்த நின்றோம். கடைக்காரரின் வானொலியில் முப்பது ஆண்டுகளுக்கு முந்திய மலாய் ராக் பாடல் ஒன்று ஒலித்தது. பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள். அந்தப் பாடல் வெளிவந்தபோது அவர்கள் பிறந்தே இருக்கமாட்டார்கள். ஆனால் வாயசைத்து, ஓரடி பிசகாமல், கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள். நமக்குத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. அறியாததை அறிந்ததுபோல் சொல்வது ஆசிரியருக்கு அடுக்காத செயல் அல்லவா? அந்தப் பதிலைத் திருத்த வேண்டும் என்று சில நாள் படித்ததையும் விசாரித்ததையும்தான் இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், ராக் இசை என்றால் என்ன? வானொலிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் நேயர்கள் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒரே சீராக எண்ணுங்கள். எண்ணிக்கொண்டே இரண்டிலும் நான்கிலும் மட்டும் பலமாகக் கைதட்டுங்கள். உடல் தானாகவே அசையத் தொடங்குவதை உணர்வீர்கள். ராக் இசையின் முதுகெலும்பு இந்தத் தட்டுதான். டிரம் வாசிப்பவர் இதைத்தான் பாட்டு முழுவதும் அடித்துக்கொண்டிருப்பார்.

மற்றொன்று மின்கிதார். சாதாரணக் கிதாரில் மரப்பெட்டிதான் ஒலியைப் பெருக்குகிறது. மின்கிதாரிலோ, இரும்புத் தந்திகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது; சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது; அதைக் கருவி ஒன்று பன்மடங்கு பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்தை விரும்பாத பிள்ளைகூட இதைச் சொன்னால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது. பெருக்கும் கருவிக்கு அளவுமீறி வேலை கொடுத்தால் ஒலி பிளந்து, கரகரத்து வெளியே வரும். தொடக்கத்தில் பொறியியலாளர்கள் இதைக் குறையாகவே கருதினர். 1964ஆம் ஆண்டில் லண்டனில், கிங்க்ஸ் என்னும் குழுவின் கிதார் கலைஞரான டேவ் டேவிஸ் என்ற இளைஞர், ஒலிபெருக்கியின் கூம்புத்தாளைச் சவரத் தகட்டால் கீறிவிட்டு, அந்தக் கிழிசல் ஒலியிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு பெரும் வெற்றி பெற்றது. பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தின்பதற்கென்றே காத்திருப்பவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. ராக் ரசிகர்களுக்கு அந்தக் கரகரப்பு அப்படித்தான்.

இந்த இசை வெள்ளையர்களின் கண்டுபிடிப்பு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது சரியன்று. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழித்தோன்றல்களான கறுப்பின மக்கள் பாடிய புளூஸ் என்னும் சோகப் பாடலும், அவர்களுடைய தேவாலயப் பாடலும், அதே வட்டாரத்து ஏழை வெள்ளையரின் நாட்டுப்புறப் பாடலும் ஒன்றுகலந்து 1950களில் உருவானதே இது. பருத்திக் காட்டு மக்களின் இசை என்று சொன்னாலும் தவறில்லை. பால்மரக் காட்டில் வளர்ந்த நமக்கு அதில் ஒரு நெருக்கம் தோன்றுகிறது. சக் பெர்ரி என்ற கறுப்பினக் கலைஞர் 1958இல் வெளியிட்ட 'ஜானி பி. குட்' என்ற பாட்டில், எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாத நாட்டுப்புறப் பையன் ஒருவன் கிதார் வாசிப்பில் மன்னனாகத் திகழ்கிறான். 1977ஆம் ஆண்டு விண்வெளிக்கு ஏவப்பட்ட வொயேஜர் கலங்களில், மனித இனத்தின் அடையாளமாக வைக்கப்பட்ட இசைத்தட்டில் அந்தப் பாட்டும் இடம்பெற்றது. சூரியக் காற்று வீசும் எல்லையைத் தாண்டி அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

நம் வட்டாரத்திற்கு இந்த இசை எப்படி வந்தது? 1961ஆம் ஆண்டு நவம்பரில் கிளிஃப் ரிச்சர்ட் என்ற ஆங்கிலப் பாடகரும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூர் ஹேப்பி வேர்ல்ட் அரங்கில் இசை நிகழ்ச்சி நடத்தினர். அதைக் கண்டவர்களும் கேள்விப்பட்டவர்களும் கிதாரைத் தேடி அலைந்தார்கள். மூன்று கிதார், ஒரு டிரம் என்று கம்பத்துக்குக் கம்பம் குழுக்கள் முளைத்தன. 1964இல் எம். ஒஸ்மான் மலாய் மொழியில் பாடிய 'சுசானா' என்ற பாட்டைத் தொடர்ந்து 'பாப் யே யே' என்ற பெயரில் ஓர் அலையே எழுந்தது. அந்த அலையில் நம்மவர்களும் இருந்தார்கள். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் அலிகேட்ஸ் என்னும் குழுவை நடத்தி, ஹாங்காங் வரை சென்று வாசித்து, பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் புகழ் பெற்றார்கள். அவர்களுடையது கண்டிப்பான ராக் இசை அன்று, மென்மையான இசை. இருந்தாலும், ஒரு தமிழர் மலாய்ப் பாட்டுப் பாட, மூன்று இனத்தாரும் கைதட்டிய காட்சியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. லோகா 2007இல் மறைந்தார்.

1980களில் வந்தது வேறொரு அலை. 'ரோக் காப்பாக்' என்று அதற்குப் பெயர். காப்பாக் என்றால் கோடரி. ஜோகூர் பாருவில் 1981இல் தோன்றிய சர்ச் குழுவும், பின்னர் வந்த விங்ஸ் குழுவும் இந்த அலையின் தலைவர்கள். சர்ச் குழு 1989இல் வெளியிட்ட 'இசபெல்லா' என்ற பாடல் மலேசியாவைத் தாண்டி இந்தோனேசியாவையும் ஆட்கொண்டது.

அந்த ஆண்டு நமக்கு வயது பத்து. தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். காலைப் பிரட்டுக்குப் போகும் அண்ணன்மார் மோட்டார் சைக்கிளில் அதைச் சீட்டியடித்துக்கொண்டு போவார்கள். இரவுச் சந்தையில் ஒலிநாடா விற்பவர் அதையே திரும்பத் திரும்பப் போடுவார். லோரி ஓட்டுநர் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினால் அதுதான். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்தவர், பக்திப் பாடல்களுக்கு நடுவே தவறுதலாக அதைப் போட்டுவிட்டுத் தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது. தவறுதலாகத்தான் போட்டாரா என்பது வேறு விஷயம்.

பெரியவர்கள் இந்த இசையை விரும்பவில்லை. பாட்டைவிட முடிதான் அவர்களுக்குப் பிரச்சினை. 1992ஆம் ஆண்டில், அப்போதைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மட், நீண்ட முடி வைத்த கலைஞர்களுக்கு அரசாங்கத் தொலைக்காட்சியில் இடமில்லை என்று அறிவிக்க, புகழ்பெற்ற ராக் பாடகர்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ள நேர்ந்தது. ஓர் இசையின் செல்வாக்கை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் உண்டோ என்று இப்போது தோன்றுகிறது. யாரும் கேட்காத பாட்டைப் பாடுபவரின் தலைமுடியைப் பற்றி எந்த அமைச்சர் கவலைப்படுவார்?

சரி, இன்றைய நிலை என்ன? கணக்கைப் பார்ப்போம். இசை வாணிபத்தின் மிகப் பெரிய சந்தையான அமெரிக்காவில், 2017ஆம் ஆண்டில் முதன்முறையாக ராக் இசை தன் முதலிடத்தை இழந்தது என்று நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. விற்பனையும் இணையவழிக் கேட்பும் சேர்ந்த மொத்தத்தில் ராப் பாடலும் அதன் உறவுமுறை இசைகளும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள, ராக் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம், நூறாண்டைக் கடந்த கிப்சன் கிதார் நிறுவனம் கடன் தாளாமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. பத்திரிகைகள் ராக் இசைக்கு இரங்கல் எழுதிவிட்டன. மாணவனின் அண்ணன் எங்கோ படித்ததும் இதுவாகவே இருக்கவேண்டும்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. அதே 2018இல், குவின் குழுவின் 1975ஆம் ஆண்டுப் பாடலான 'பொஹீமியன் ராப்சடி', இருபதாம் நூற்றாண்டுப் பாடல்களிலேயே இணையத்தில் மிக அதிகமாகக் கேட்கப்பட்டது என்று அறிவிக்கப்பட்டது. கிப்சன் அந்த ஆண்டு முடியும் முன்னரே மீண்டும் எழுந்து நின்றது. 2020இல் நோய்த்தொற்றால் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பெண்டர் என்னும் மற்றொரு கிதார் நிறுவனம் தன் வரலாற்றிலேயே மிக அதிக விற்பனையைக் கண்டது. 2022இல் அமெரிக்காவில் கேட்கப்பட்ட இசையில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு, வெளிவந்து ஒன்றரை ஆண்டுக்கும் மேலான பாடல்கள். அந்தப் பழைய சரக்கில் ராக் பாடல்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஆகவே, "செல்வாக்கு உண்டா?" என்ற கேள்வியே இரண்டு கேள்வி என்பது புலனாகிறது. கேட்கிறார்களா என்பது ஒன்று. புதிதாகப் பிறக்கும் பாட்டு அந்த வழியில் பிறக்கிறதா என்பது மற்றொன்று. நமக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னால் எளிதில் விளங்கும். டி.எம். சௌந்தரராஜன் பாடல்கள் ஒலிக்காத நாள் நம் வானொலியில் உண்டா? இல்லை. ஆனால் இன்று ஓர் இளைஞன் பாடகனாக வேண்டுமென்றால் அந்தக் குரலையும் பாணியையுமா பழகுகிறான்? ராக் இசையும் இன்று ஏறக்குறைய அந்த நிலையில் இருக்கிறது. கேட்பவர் குறையவில்லை. ஆனால் "இது எங்கள் பாட்டு, உங்களுக்குப் புரியாது" என்று பெற்றோரைப் பார்த்துப் பிள்ளைகள் சொல்லும் பாட்டாக அது இல்லை. எப்படி இருக்கும்? பெற்றோர்தாமே அதைக் கேட்கிறார்கள்!

இதற்குக் காரணம் ரசனை மாற்றம் மட்டுமன்று. இடமும் காசும்கூடக் காரணம் என்பது நம் கருத்து. ராக் குழு என்றால் நான்கு பேர் கூட வேண்டும். கிதார், டிரம், பெருக்கும் கருவி, இவற்றை வைக்க ஓர் அறை, சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் அண்டை அயலார், எல்லாம் வேண்டும். தோட்டத்தில் ஒரு பழைய ஸ்டோரோ ஆளில்லாத ஆயாக் கொட்டகையோ கிடைத்துவிடும், சுற்றிலும் மரங்கள்தாமே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போன பிறகு, பதினோராம் மாடியில் டிரம் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்று ஒரு பையன் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியிலோ கணினியிலோ தாளத்தைத் தானே சேர்த்து, தன் சொற்களை அதன்மேல் அடுக்கி, ஒரே இரவில் பாட்டை வெளியிட்டுவிடுகிறான். ராப் இசை வென்றதில் இந்தச் சிக்கனத்துக்கும் பங்குண்டு. நம் மலேசியத் தமிழ் இளைஞர்கள் ராப் பாடல்களில் முன்னணிக்கு வந்ததையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

ராக் இசை வேறு இசைகளுக்குள் கரைந்துபோனதும் உண்மை. தமிழ்த் திரைப்பாடல்களில் கரகரக்கும் கிதார் எத்தனை இடத்தில் வருகிறது என்று கவனித்துக் கேளுங்கள். இளையராஜாவே தொடக்கத்தில் கிதார் வாசித்தவர்தாம்.

நேயர்களே, இதுவரை திரட்டியதை வைத்து, "கேட்பார்கள், ஆனால் புதிதாக யாரும் செய்யமாட்டார்கள்" என்று மாணவனுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தோம். அப்போது இந்தோனேசியாவிலிருந்து ஒரு செய்தி நம் கண்ணில் பட்டது.

மேற்கு ஜாவாவில் காரூட் என்ற மாவட்டம். அங்கே ஒரு கிராமத்துச் சமயப் பள்ளியில் பயின்ற மூன்று மாணவியர், 2014ஆம் ஆண்டில் கனராக் இசைக்குழு ஒன்றைத் தொடங்கினர். மூவரும் முக்காடு அணிந்த முஸ்லிம் பெண்கள். குழுவின் பெயர் வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட். பாசெப்ரோட் என்பது ஓயாத இரைச்சலைக் குறிக்கும் சுண்டா மொழிச் சொல். பெண்பிள்ளைகளுக்கு இது தகுமா என்று ஊரில் எதிர்ப்பு, மிரட்டல்கூட வந்தது. அவர்கள் விடவில்லை. 2021இல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தார்கள். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிளாஸ்டன்பரி இசைவிழாவில் வாசித்தார்கள். அந்த மேடையேறிய முதல் இந்தோனேசியக் குழு அவர்களுடையதுதான். கிதார் நிறுவனமான பெண்டர் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதிதாகக் கிதார் கற்போரில் பாதிப்பேர் பெண்கள் என்று கூறியதை முன்பு நாம் நம்பவில்லை. இப்போது நம்புகிறோம்.

அந்தப் பெண்களுக்கு ராக் இசையை அறிமுகப்படுத்தியவர் யார் தெரியுமா? அவர்களுடைய பள்ளி ஆலோசக ஆசிரியர். பிள்ளைகள் துடுக்காகக் கேள்வி கேட்பதைக் கண்டு, அடக்காமல், அந்தத் துடுக்குக்கு ஒரு வடிகால் காட்டினார் அவர். பள்ளியிலிருந்த கருவிகளை அவர்கள் கையில் கொடுத்தார்.

இதைப் படித்தபோது நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு தோட்டப் பள்ளியில், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மேசைக்கடியில் ஒலிநாடா ஒன்றை வைத்துக்கொண்டு, அட்டையிலிருந்த பாடல் வரிகளைப் பக்கத்திலிருந்தவனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். சர்ச் குழுவின் ஒலிநாடா. பறித்து மேசை அறையில் பூட்டினோம். "தவணை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்" என்றோம். தவணை முடியுமுன் தோட்டம் கைமாறியது; அவனுடைய குடும்பம் எங்கோ பெயர்ந்துபோனது. நாமும் இரண்டு பள்ளி மாறிவிட்டோம். அந்த ஒலிநாடா மட்டும் நம்மோடு கூடவே வந்துகொண்டிருக்கிறது. மலாய்ப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளை அவன். ஆனால் அந்த மலாய் வரிகளை அவன் தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தான் என்பது, பறிக்கும் அவசரத்தில் நமக்கு உறைக்கவில்லை.

சென்ற வாரம் அந்த ஒலிநாடாவை இசைப்பாடத்துக்கு எடுத்துச் சென்றோம். இருபத்தைந்து ஆண்டுக்குள் பொருள்கள் எப்படி மறைந்துபோகின்றன பாருங்கள்! பதினொரு பிள்ளைகளில் ஒருவருக்கும் அது இன்னதென்று தெரியவில்லை. உள்ளே நாடா தளர்ந்திருந்தது. பென்சிலைத் துளையில் நுழைத்துச் சுற்றி இறுக்கும் வித்தையைக் காட்டினோம். ஆளுக்கொரு முறை சுற்ற வேண்டும் என்று வரிசையில் நின்றுவிட்டார்கள். போட்டுக் கேட்கக் கருவி ஏது? அட்டையிலிருந்த பாடலின் பெயரைக் கைப்பேசியில் தேடி ஒலிக்க விட்டோம்.

கேள்வி கேட்ட அதே பையன் துள்ளி எழுந்தான். "ஐயா, இது எங்க அப்பா லோரியில போடுற பாட்டு! எனக்கு முழுசாத் தெரியும்" என்று, பாடகருக்கு முந்திக்கொண்டு பாடவும் தொடங்கினான்.

"இதுதானப்பா ராக் பாட்டு. செத்துப் போச்சு என்றாயே?" என்றோம்.

"இது ராக்கா? இது அப்பா பாட்டு, ஐயா" என்றான் அவன்.